ஸ்பிரிங் பூட் செயலி எழ மறுத்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஜாவாவில் ஒரு சிறிய இணையச் செயலியை எழுப்ப இன்று ஒரு வகுப்பும் பத்துப் பதினைந்து வரி நிரலும் போதும். ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா சட்டகத்துக்குத் தொடக்கத் திட்டம் தரும் ஸ்பிரிங் இனிஷியலைசர் தளத்தில், நிரலைக் கட்டித்தரும் கருவியான மேவனைத் தேர்ந்தெடுத்து, ஸ்பிரிங் வெப் என்ற ஒரே ஒரு சார்பு நூலகத்தைச் சேர்த்து, கிடைக்கும் ஜிப் கோப்பை விரித்து, "வணக்கம்" என்று பதில் தரும் ஒரு கன்ட்ரோலரை எழுதி ஓட்டினால் 8080ஆம் போர்ட்டில் பதில் வர வேண்டும். வராதபோது முனையத்தில் இருநூறு வரிகள் ஓடி நிற்கும். அவற்றுள் கடைசி வரியை மட்டும் நகலெடுத்துத் தேடுபொறியில் போடுவதுதான் நம்மில் பலரின் வழக்கம். ஆனால் கடைசி வரி பெரும்பாலும் எதையும் சொல்வதில்லை.

இந்தக் குறிப்பு ஸ்பிரிங் பூட் 3 வரிசையையும் மேவனையும் வைத்து எழுதப்பட்டது. கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் ஒலிப்பின்படி தந்திருக்கிறேன். தட்டும்போது அவற்றின் ஆங்கில வடிவத்தையே தட்ட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது: எந்தக் கட்டத்தில் நின்றது?

மேவன் "பில்டு ஃபெயிலியர்" (கட்டும் வேலை தோற்றது) என்று அறிவித்தால், அதற்குக் கீழே "ஃபெயில்டு டு எக்ஸிக்யூட் கோல்" என்று தொடங்கும் வரியைத் தேடி, அதில் எந்தச் செருகுநிரலின் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேவன் கம்பைலர் என்றிருந்தால் நிரல் மொழிபெயர்ப்பில் (கம்பைல் செய்வதில்) கோளாறு. ஷ்யூர்ஃபயர் என்றிருந்தால் நிரல் மொழிபெயர்ந்துவிட்டது, சோதனைகளில் ஒன்று தோற்றிருக்கிறது. ரீபேக்கேஜ் என்றிருந்தால், செயலியின் தொகுப்பான ஜார் கோப்பைக் கட்டும் இடத்தில் கோளாறு. பில்டு முடிந்து, செயலி எழும்போது விழுந்தால், "அப்ளிகேஷன் ஃபெயில்டு டு ஸ்டார்ட்" என்ற தலைப்பின் கீழ் விளக்கமும் செய்ய வேண்டியதும் ஆங்கிலத்தில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கும். அந்தத் தலைப்பு இல்லாமல் நீண்ட பிழைத்தடம் மட்டும் வந்தால், "காஸ்டு பை" என்று தொடங்கும் வரிகளில் கடைசியாக வருவதைப் படியுங்கள்; மேலே இருப்பவை அதன் விளைவுகள்.

அறிகுறி: ஜாவா இருக்கிறது, ஆனால் மேவன் வேறு ஜாவாவைக் காட்டுகிறது

முனையத்தில் ஜாவாவின் பதிப்பைக் கேட்டால் 21 என்று வருகிறது. மேவனின் பதிப்பைக் கேட்டால் அதே திரையில் ஜாவா 8 என்று வருகிறது. இது முரண்பாடு அல்ல. ஜாவா என்று தட்டும்போது இயங்குதளம் பாத் என்ற சூழல் மாறியில் உள்ள கோப்புறைகளை வரிசையாகத் தேடி முதலில் கிடைத்ததை ஓட்டுகிறது. மேவனோ ஜாவா ஹோம் என்ற மாறி எந்தக் கோப்புறையைக் காட்டுகிறதோ அதையே எடுத்துக்கொள்கிறது. பழைய திட்டம் ஒன்றுக்காக எப்போதோ வைத்த ஜாவா ஹோம் அப்படியே கிடந்தால் இந்த நிலை வரும். மாறியைப் புதிய ஜேடிகேயின் (ஜாவா நிரலாக்கத் தொகுப்பின்) தலைக் கோப்புறைக்குத் திருப்ப வேண்டும். அதற்குள் "பின்" என்ற ஆங்கிலப் பெயரில் இருக்கும் கோப்புறையைக் காட்டினால் செல்லாது. விண்டோஸில் மிகுதியாக நேரும் தவறு இதுதான். மாற்றிய பிறகு முனையத்தை மூடித் திறக்க வேண்டும், ஏனெனில் ஏற்கெனவே திறந்திருக்கும் சாளரம் பழைய மதிப்பையே வைத்திருக்கும்.

"நோ கம்பைலர் இஸ் புரொவைடட்" என்ற செய்தி வந்தால், கணினியில் இருப்பது ஓட்டுவதற்கான ஜேஆர்இ மட்டுமே, மொழிபெயர்க்கும் ஜேடிகே இல்லை என்று பொருள். உபுண்டுவில் ஓப்பன்ஜேடிகே-17-ஜேஆர்இ என்ற பொதியை நிறுவிவிட்டு ஜாவா வந்துவிட்டது என்று நம்புவோருக்கு இது நேரும். ஜேடிகே என்று முடியும் பொதியை நிறுவினால் தீர்ந்தது.

திட்டத்தோடு வரும், மேவனை இயக்கும் எம்விஎன்டபிள்யூ என்ற உறைக் கோப்பு லினக்ஸில் "பெர்மிஷன் டினைடு" என்றால் அதற்கு ஓட்டும் அனுமதி இல்லை. சிஹெச்மாட் கட்டளையால் கொடுக்கலாம். அனுமதி இருந்தும் "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்று சொன்னால், கோப்பு விண்டோஸ் வழியாக வந்து வரி முடிவுகள் மாறியிருக்கும். கோப்பு கண்ணெதிரே இருக்க, இல்லை என்று கணினி சாதிப்பது சற்று எரிச்சலூட்டும்தான். அது தேடுவது இந்தக் கோப்பை அல்ல, முதல் வரியில் குறித்துள்ள ஷெல்லை. அந்தப் பெயரின் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் கிடைக்கவில்லை.

அறிகுறி: 61, 52 என்று எண்கள் வருகின்றன

"கிளாஸ் ஃபைல் ஹேஸ் ராங் வெர்ஷன் 61.0, ஷுட் பி 52.0" என்பது மொழிபெயர்க்கும்போது வரும், "அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்" என்பது ஓட்டும்போது வரும். இரண்டும் ஒரே நோய். எண்ணிலிருந்து 44ஐக் கழித்தால் ஜாவாவின் பதிப்பு கிடைக்கும்: 52 என்பது ஜாவா 8, 55 என்பது 11, 61 என்பது 17, 65 என்பது 21. ஆகவே மேற்கண்ட செய்தி, 17க்காகக் கட்டப்பட்ட நூலகத்தை ஜாவா 8இன் கையில் கொடுத்துவிட்டீர்கள் என்கிறது. 2022 நவம்பரில் வெளிவந்த ஸ்பிரிங் பூட் 3.0 முதல் ஜாவா 17 குறைந்தபட்சத் தேவை; அதைத் தாழ்த்த எந்த அமைப்பும் கிடையாது. அலுவலகக் கணினியில் ஜாவா 8ஐ விட முடியாது என்றால், இரண்டையும் நிறுவிக்கொண்டு இந்தத் திட்டத்தின் முனையத்தில் மட்டும் ஜாவா ஹோமை மாற்றிக்கொள்ளலாம்.

அறிகுறி: நூலகங்கள் இறங்கவில்லை

முதல் பில்டில் மேவன் நூற்றுக்கணக்கான கோப்புகளை இறக்கும். கைப்பேசி வழியே இணைய இணைப்பு பெற்று வேலை செய்பவர்களுக்கு அது நடுவில் அறுந்துபோவது இயல்பு. இணைப்பு திரும்பி வந்த பிறகும் அதே பிழை தொடர்ந்தால் செய்தியை முழுவதும் படியுங்கள்: தோல்வி உள்ளகக் களஞ்சியத்தில் பதிந்து வைக்கப்பட்டிருக்கிறது, குறிப்பிட்ட இடைவெளி கழியும்வரை மீண்டும் முயலப்படாது என்று அதிலேயே எழுதியிருக்கும். பில்டு கட்டளையுடன் ஒரு சிறு கோட்டையும் பெரிய எழுத்து யுவையும் சேர்த்தால் மேவன் மறுபடி முயலும். "எரர் இன் ஓப்பனிங் ஜிப் ஃபைல்" என்று வந்தால் ஒரு ஜார் அரைகுறையாக இறங்கியிருக்கிறது. உள்ளகக் களஞ்சியம் இருக்கும் எம்2 கோப்புறையில் அந்த நூலகத்துக்கு உரிய கோப்புறையை மட்டும் நீக்கினால் போதும். எம்2 முழுவதையும் அழிக்கச் சொல்லும் அறிவுரை பரவலாகக் கிடைக்கிறது. அது பலிக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரு பல் வலிக்காக எல்லாப் பற்களையும் பிடுங்குவது போன்றது, மேலும் அரை நாள் இணைப்பைத் தின்றுவிடும்.

"பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்டு" என்பது நிறுவன வலையமைப்புகளில் வருவது. நான் ஓர் அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் இரண்டு நாட்களை இதற்குக் கொடுத்தேன். நூலகங்களின் பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரல் தளம் உலாவியில் நன்றாகத் திறக்கிறது, மேவனுக்கு மட்டும் திறக்கவில்லை. அங்கிருந்த பாதுகாப்புக் கருவி எல்லா எச்டிடிபிஎஸ் இணைப்புகளையும் நடுவில் பிரித்துப் பார்த்து, தன் சொந்தச் சான்றிதழால் மறுபடி மூடி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தச் சான்றிதழை விண்டோஸ் நம்பியது, உலாவியும் நம்பியது; ஜாவா தன் சான்றிதழ்களைத் தனியாக சிஏசெர்ட்ஸ் என்ற கோப்பில் வைத்திருப்பதால் நம்பவில்லை. வலையமைப்புப் பொறுப்பாளரிடம் சான்றிதழைக் கேட்டு வாங்கி, கீடூல் என்ற கருவியால் சிஏசெர்ட்ஸில் சேர்ப்பதே முறையான தீர்வு. சான்றிதழ்ச் சோதனையையே அணைத்துவிடும் குறுக்குவழிகளைச் செய்யாதீர்கள்.

பழைய பயிற்சிக் குறிப்பிலிருந்து நகலெடுத்த பாம் கோப்பில் (திட்டத்தின் மேவன் அமைப்புக் கோப்பில்) களஞ்சிய முகவரி வெறும் எச்டிடிபியில் தொடங்கினால் அது இன்று செல்லாது. மேவன் சென்ட்ரல் 2020 ஜனவரி 15 முதல் அத்தகைய கோரிக்கைகளுக்கு 501 என்றே பதில் தருகிறது, மேவன் 3.8.1 முதல் கருவியே அவற்றைத் தடுத்துவிடுகிறது. முகவரியில் ஓர் எஸ் சேர்த்தால் வேலை முடிந்தது.

அறிகுறி: ஜாவாஎக்ஸ் சர்வ்லெட் என்ற பொதி இல்லை

பழைய எடுத்துக்காட்டிலிருந்து நிரலை எடுத்திருக்கிறீர்கள். பூட் 3இல் சர்வ்லெட், பெர்சிஸ்டன்ஸ், வேலிடேஷன் ஆகியவை ஜகார்த்தா என்ற முன்பெயருக்கு மாறிவிட்டன. இம்போர்ட் வரிகளில் முன்பெயரை மாற்றினால் போதும். ஆனால் திட்டம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டாம்: ஜாவாஎக்ஸ் எஸ்க்யூஎல் போன்றவை ஜேடிகேயின் பகுதிகள், அவை பழைய பெயரிலேயே இருக்கின்றன.

அறிகுறி: ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு கோளாறுகள்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. இனிஷியலைசர் தரும் பாம் கோப்பின் தலையில் பேரன்ட் என்ற பகுதி இருக்கும். ஸ்பிரிங் பூட் ஸ்டார்ட்டர் பேரன்ட் அதில் குறிக்கப்பட்டிருக்கும். பலர் இதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். நிறுவனத்தின் சொந்தப் பெற்றோர்க் கோப்பை அந்த இடத்தில் வைப்பதும், வேறு திட்டத்தில் ஒட்டும்போது அதை விட்டுவிடுவதும், சார்புகளின் பதிப்புகளை மட்டும் வேறு வழியில் இறக்குமதி செய்வதும் நடக்கின்றன. நூலகங்கள் சரியாக இறங்கும். எல்லாம் ஒழுங்கு என்று தோன்றும். பிறகு நான்கு வெவ்வேறு இடங்களில் நான்கு வெவ்வேறு கோளாறுகள் முளைக்கும்.

முதலாவது, பாம் கோப்பில் ஜாவா வெர்ஷன் 17 என்று தெளிவாக எழுதியிருந்தும், "ரெக்கார்ட்ஸ் ஆர் நாட் சப்போர்ட்டட் இன் சோர்ஸ் 8" என்ற பிழை வருவது. ஜாவா வெர்ஷன் என்ற பண்பு மேவனுக்குத் தெரியாது. ஸ்பிரிங்கின் பெற்றோர்க் கோப்புதான் அதைப் படித்துக் கம்பைலர் செருகுநிரலிடம் சொல்கிறது. சொல்ல ஆள் இல்லாதபோது செருகுநிரல் தன் பழைய இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்கிறது. மேவன் கம்பைலர் ரிலீஸ் என்ற பண்பை நேரடியாக எழுதினால் பெற்றோர் இல்லாமலும் வேலை செய்யும்.

இரண்டாவது, பில்டு வெற்றி என்று அறிவித்த பிறகு ஜாரை ஓட்டினால் "நோ மெயின் மேனிஃபெஸ்ட் ஆட்ரிபியூட்" என்று நிற்பது. டார்கெட் கோப்புறையைத் திறந்து பாருங்கள். சரியாகக் கட்டப்பட்டிருந்தால் அங்கே பல மெகாபைட் அளவுள்ள ஜாரும், ஒரிஜினல் என்று முடியும் சில கிலோபைட் கோப்பும் இருக்கும். சிறியது ஒன்று மட்டும் இருந்தால், நூலகங்களையும் டாம்கேட் என்ற இணைய வழங்கியையும் உள்ளே வைத்துக் கட்டும் ரீபேக்கேஜ் வேலை நடக்கவே இல்லை. ஸ்பிரிங் பூட் மேவன் செருகுநிரலைச் சேர்ப்பதோடு, அதன் எக்ஸிக்யூஷன் பகுதியில் ரீபேக்கேஜ் என்ற கோலையும் எழுத வேண்டும். பெற்றோர் இருந்தால் அந்த இரண்டாவது வேலையை அது செய்துவிடும்.

மூன்றாவது, பூட் 3.2 முதல் தலைகாட்டுவது. உலாவியில் முகவரியைத் திறந்தால் 500 வருகிறது. பதிவில் அளவுருவின் பெயர் தெரியவில்லை, பாராமீட்டர்ஸ் என்ற கொடியோடு மொழிபெயர்க்கவும் என்றிருக்கிறது. அந்தக் கொடியையும் பெற்றோர்தான் வைத்திருந்தது. கம்பைலர் செருகுநிரலின் அமைப்பில் பாராமீட்டர்ஸ் என்பதற்கு ட்ரூ என்று எழுதலாம், அல்லது ரிக்வெஸ்ட்பேரம் என்ற அனோட்டேஷனுக்குள் (நிரலில் @ குறியோடு எழுதும் குறிப்புக்குள்) பெயரை வெளிப்படையாகக் குறிக்கலாம்.

நான்காவது தமிழில் எழுதுபவர்களுக்கே உரியது. என் லினக்ஸ் மடிக்கணினியில் ஓடிய திட்டம் நண்பரின் விண்டோஸ் கணினியில், ஜாவா 17இல், மொழிபெயரவே மறுத்தது. பிழை "அன்மேப்பபிள் கேரக்டர் 8டி" என்றது. அது காட்டிய இடம் "வணக்கம்" என்ற சொல். அதற்கு முந்தைய வரியில் "பழனி" என்று ஓர் ஊர்ப்பெயர் இருந்தது. அதைப் பற்றிப் புகார் இல்லை. காரணம் எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கிறது. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள். பெற்றோர்க் கோப்பு இல்லாததால் கம்பைலர் அவற்றை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான விண்டோஸ்-1252 என்ற குறியாக்கம் என்று எண்ணி ஒவ்வொரு பைட்டாகப் படித்தது. அந்தப் பட்டியலில் ஐந்து இடங்கள் காலி. அவற்றுள் நான்கு தமிழின் மூன்றாம் பைட்டாக வரக்கூடியவை. புள்ளி 8டியிலும், உகரக் குறி 81இலும், ஏ 8எஃபிலும், ஐ 90இலும் முடிகின்றன. இந்த நான்கில் ஒன்றும் இல்லாத "பழனி" தப்பித்தது. இரண்டு புள்ளி கொண்ட "வணக்கம்" மாட்டிக்கொண்டது. தப்பித்ததாலும் பயனில்லை, உலாவியில் "பழனி" 12 குப்பை எழுத்துகளாகத்தான் வரும். புள்ளி வைக்காமல் தமிழில் எவ்வளவு தூரம் எழுத முடியும்? புராஜெக்ட் பில்டு சோர்ஸ்என்கோடிங் என்ற பண்பில் யுடிஎஃப்-8 என்று எழுதுவதே வழி. இது விடுபட்டிருந்தால், பில்டு இயங்கும் தளத்தைப் பொறுத்து மாறும் என்று மேவன் ஓர் எச்சரிக்கையை அச்சிடும். நாம்தான் எச்சரிக்கைகளைப் படிப்பதில்லை. 2022 மார்ச்சில் வந்த ஜாவா 18 முதல் இயல்புக் குறியாக்கமே யுடிஎஃப்-8 ஆகிவிட்டதால், 21க்கு மாறியதும் இந்தப் பிழை சொல்லாமல் மறைந்துவிடுகிறது.

தமிழ் சிதைந்து வரும்போது சிதைவை எண்ணிப் பார்ப்பது நல்ல சோதனை. "வணக்கம்" என்பதற்குப் பதிலாகச் சரியாக ஏழு கேள்விக்குறிகள் வந்தால், ஏழு குறிகளையும் நிரல் சரியாகவே வைத்திருக்கிறது, வெளியே எழுதும் இடத்தில்தான் தமிழ் தெரியவில்லை. விண்டோஸ் முனையத்தில் இப்படி வந்தால் குறியீட்டுப் பக்கத்தை 65001க்கு மாற்றிப் பாருங்கள். மாறாக, மேலே சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிறிய ஏயும் வட்டத்துக்குள் ஆர் என்ற பதிவு முத்திரையும் திரும்பத் திரும்ப வந்தால், படிக்கும் இடத்தில் தவறு. அப்ளிகேஷன் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் தமிழ் எழுதினால் இதுதான் நடக்கும், ஏனெனில் பூட் 3 அந்தக் கோப்பை லத்தீன்-1 என்ற மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தில் படிக்கிறது. அதே அமைப்பை யாமல் கோப்புக்கு மாற்றினால் தமிழ் தமிழாகவே வரும்.

அறிகுறி: எழுந்தவுடன் விழுகிறது

"போர்ட் 8080 வாஸ் ஆல்ரெடி இன் யூஸ்" என்றால் வேறொரு செயலி அந்தப் போர்ட்டைப் பிடித்திருக்கிறது. பெரும்பாலும் அது உங்களுடைய முந்தைய ஓட்டமே. லினக்ஸிலும் மேக்கிலும் கன்ட்ரோல் இசட் அழுத்திச் செயலியை நிறுத்திவிட்டதாக நினைப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அது நிறுத்துவதில்லை, உறங்க வைக்கிறது. உறங்கும் செயலி போர்ட்டை விடாது. எஃப்ஜி என்று தட்டி முன்னுக்குக் கொண்டுவந்து கன்ட்ரோல் சி அழுத்துங்கள். யார் பிடித்திருக்கிறார்கள் என்று அறிய லினக்ஸில் எல்எஸ்ஓஎஃப், விண்டோஸில் நெட்ஸ்டாட் உதவும். சர்வர் போர்ட் என்ற அமைப்பில் 8081 என்று எழுதி விலகிப் போவதும் தவறல்ல. 80 என்று எழுதினால் மட்டும், லினக்ஸில் 1024க்குக் கீழுள்ள போர்ட்டுகள் சாதாரணப் பயனருக்கு இயல்பாகத் தரப்படுவதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

"ஃபெயில்டு டு கன்ஃபிகர் எ டேட்டாசோர்ஸ்" என்றால், தரவுத்தள நூலகத்தைச் சேர்த்துவிட்டு முகவரி தரவில்லை. தேவையில்லாவிட்டால் நூலகத்தை எடுத்துவிடுங்கள். எந்தப் பிழையும் இல்லாமல் எழுந்து அமைதியாக முடிந்துவிட்டால், "டாம்கேட் ஸ்டார்ட்டட்" என்ற வரி பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்டார்ட்டர் வெப் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஸ்டார்ட்டர் இருக்கிறது. காத்திருக்க வழங்கி இல்லாததால் நிரல் முறையாகவே முடிந்திருக்கிறது.

அறிகுறி: எழுந்தது, ஆனால் உலாவியில் 404

"வொயிட்லேபிள் எரர் பேஜ்" என்ற வெள்ளைப் பக்கம் வந்தால் மகிழலாம். வழங்கி உயிரோடு இருக்கிறது, பதிலும் அதனிடமிருந்தே வருகிறது. அதற்கு உங்கள் கன்ட்ரோலரைத்தான் தெரியவில்லை. முதன்மை வகுப்பு காம்.எக்ஸாம்பிள்.டெமோ என்ற பொதியில் இருந்தால், ஸ்பிரிங் அந்தப் பொதியையும் அதற்குள் இருப்பவற்றையும் மட்டுமே தேடும். கன்ட்ரோலரைக் காம்.எக்ஸாம்பிள்.கன்ட்ரோலர் என்று அதற்குப் பக்கத்து வீட்டில் வைத்தால் கண்ணில் படாது, டெமோவுக்குள் நகர்த்துங்கள். இடம் சரி என்றால் அனோட்டேஷனைப் பாருங்கள். ரெஸ்ட்கன்ட்ரோலர் என்பதற்குப் பதிலாகக் கன்ட்ரோலர் என்று மட்டும் இருந்தால், நீங்கள் திருப்பித் தரும் "வணக்கம்" ஒரு பக்கத்தின் பெயராகக் கொள்ளப்பட்டு, அப்படி ஒரு பக்கம் தேடப்பட்டு, கிடைக்காமல் 404 வரும். திருப்பித் தரும் சொல்லும் முகவரியும் ஒன்றாகவே இருந்தால் "சர்க்குலர் வியூ பாத்" என்ற வேறு பிழை வரும், மருந்து அதேதான். இரண்டும் சரியாக இருந்தால் முகவரியின் கடைசிச் சாய்கோட்டை நீக்கிப் பாருங்கள். பூட் 3இலிருந்து, சாய்கோட்டோடு முடியும் முகவரியும் இல்லாததும் ஒன்றல்ல.

அறிகுறி: உலாவி இணைப்பையே ஏற்கவில்லை

பதிவில் "இன்வேலிட் கேரக்டர் ஃபவுண்ட் இன் மெத்தட் நேம்" என்றும், தொடர்ந்து 16, 03, 01 என்ற பைட்டுகளும் இருந்தால், எச்டிடிபி மட்டும் தெரிந்த வழங்கியிடம் உலாவி எச்டிடிபிஎஸ்ஸில் பேசுகிறது. அந்த மூன்றும், எச்டிடிபிஎஸ் பயன்படுத்தும் மறையாக்க முறையான டிஎல்எஸ்ஸின் கைகுலுக்கல் தொடக்கம். முகவரியைக் கையால் எச்டிடிபி என்று தட்டுங்கள்.

உங்கள் கணினியில் திறந்து, அதே வைஃபையில் உள்ள கைப்பேசியில் திறக்காவிட்டால், சர்வர் அட்ரஸ் என்ற அமைப்பில் லோக்கல்ஹோஸ்ட் அல்லது 127.0.0.1 எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்த்து, இருந்தால் அந்த வரியை நீக்குங்கள்; இல்லையென்றால் பெரும்பாலும் இயங்குதளத்தின் ஃபயர்வால் அந்தப் போர்ட்டைத் தடுக்கிறது. செயலியைத் தனிப் பெட்டி ஒன்றில் அடைத்து ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துபவர்களுக்கும் முதல் ஐயம் அதே அமைப்புதான், ஏனெனில் பெட்டிக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தப் பெட்டியை மட்டுமே குறிக்கும். அது சரியாக இருந்தால், டாக்கர் ரன் கட்டளையில் 8080:8080 என்று போர்ட்டை வெளியே திறந்தீர்களா என்று பாருங்கள். டாக்கர்ஃபைலில் எக்ஸ்போஸ் என்று எழுதுவது வெறும் குறிப்புதான், அது எதையும் திறப்பதில்லை.